1896 நவம்பரிலிருந்து தொடங்கிய பாடம்

எழுபதுகளின் கடைசியில் நைஜீரியாவில் பள்ளிகள் வேகமாகப் பெருகின. எண்ணெய் வருமானம் இருந்தது, ஆசிரியர்கள்தான் போதவில்லை. இந்தியாவிலிருந்து நிறையப் பேரை எடுத்தார்கள். நானும் அப்படிப் போனவன்தான். அன்றைய பெண்டல் மாநிலத் தலைநகரான பெனின் நகரத்துப் பள்ளி ஒன்றில் புவியியல் நடத்த வேலை. வரலாற்று ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அந்த வகுப்பும் என்னிடம் வந்தது.

கைக்கு வந்த பாடக்குறிப்பில் பெனின் அரசின் வீழ்ச்சி சில வரிகளில் முடிந்திருந்தது. 1897 ஜனவரியில் பிரிட்டிஷ் குழு ஒன்று மன்னரைப் பார்க்கப் போகிறது, வழியில் கொல்லப்படுகிறது. தண்டனையாக அடுத்த மாதமே படை வந்து நகரைப் பிடிக்கிறது. தேதிகளில் தவறில்லை. ஆனால் கதையை ஜனவரியில் தொடங்கினால், குற்றவாளி யார் என்பது முதல் வரியிலேயே முடிவாகிவிடும். அந்த மன்னரின் மக்களுடைய பேரப்பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படி நடத்த எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வியாபாரத்திலிருந்து தொடங்கினேன். பனை எண்ணெய், ரப்பர், தந்தம் எல்லாம் ஆற்றுவழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். எதை விற்கலாம், எந்தச் சந்தையை எப்போது மூடலாம் என்பதெல்லாம் ஓபா, அதாவது மன்னர், வைத்ததுதான் சட்டம். 1892இல் ஆங்கிலேயர்கள் ஓபாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் எல்லா நாட்டாரும் தடையில்லாமல் வியாபாரம் செய்யலாம் என்று இருந்தது. ஓபா ஓவொன்ராம்வென் அதன்படி நடக்கவில்லை. நடந்திருந்தால் அவருடைய வருமானமும் அதிகாரமும் சேர்ந்தே போயிருக்கும். கடற்கரைப் பக்கம் இப்படிக் குறுக்கே நின்ற ஓபோபோ என்ற சிறு அரசின் மன்னர் ஜாஜாவை 1887இலும், இட்செகிரி இனத் தலைவர் நானாவை 1894இலும் ஆங்கிலேயர்கள் ஏற்கெனவே அகற்றியிருந்தார்கள்.

அப்புறம்தான் அந்தக் கடிதம். 1896 நவம்பரில், அந்தக் கடற்கரைக்குப் பிரிட்டிஷ் பொறுப்புத் தலைமைத் தூதராக இருந்த ஜேம்ஸ் பிலிப்ஸ் லண்டனுக்கு எழுதுகிறார்: ஓபாவைப் பதவியிலிருந்து இறக்க அனுமதி வேண்டும், படைச் செலவை ஈடுகட்ட அரண்மனையில் போதுமான தந்தம் கிடைக்கும் என்று நம்புகிறேன். இதை வாசித்தபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவரும் கொல்லப்படாத காலத்தில் எழுதிய கடிதம் அது. பதிலுக்குக் காத்திராமல் பிலிப்ஸ் கிளம்பிவிட்டார். இகுவே திருவிழா நடக்கிறது, இப்போது வர வேண்டாம் என்று ஓபா சொல்லி அனுப்பியும் நிற்கவில்லை. வழியில் தாக்குதல் நடந்தது. வெள்ளையர்களில் இருவர்தான் தப்பினார்கள். கூடப் போன சுமைகாரர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். அவர்களிலும் ஏராளமானவர்கள் செத்தார்கள். அந்தப் பாடக்குறிப்பில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சார், நரபலி கொடுத்தார்கள் என்பது உண்மையா?” உண்மைதான் என்றேன். படை நெருங்க நெருங்க பலிகள் கூடின என்பதையும் மறைக்கவில்லை. தங்கள் முன்னோரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பொய் சொல்வது மரியாதை ஆகாது. அதே நேரம், பலியை நிறுத்தத்தான் போனார்கள் என்று சொல்பவர்களால் கடிதத்தில் உள்ள தந்தக் கணக்கை விளக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். விவாதம் மணி அடித்தும் ஓயவில்லை.

பிரிட்டிஷ் அட்மிரல் ராசன் சுமார் 1,200 பேருடன், மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்து பிப்ரவரி 18இல் நகரைப் பிடித்ததைச் சீக்கிரமே சொல்லி முடித்தேன். கொள்ளையைப் பற்றிப் பேச இகுன் தெருவுக்கே மாணவர்களைக் கூட்டிப் போனேன். மெழுகு வார்ப்பில் பித்தளைச் சிலை செய்யும் குடும்பங்கள் அங்கே இன்றும் தொழில் செய்கின்றன. அரண்மனையிலிருந்து ஆயிரக்கணக்கான வார்ப்புகளையும் தந்தச் சிற்பங்களையும் அள்ளிப் போனார்கள். 1977இல் லாகோஸ் கலைவிழாவின் சின்னமாக இருந்த இதியா ராணியின் தந்த முகமூடியும் அவற்றில் ஒன்று. விழாவுக்கு இரவலாகக் கேட்டும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தரவில்லை. விழாவில் வைத்தது பெனின் சிற்பி செதுக்கிய நகல்தான். பிள்ளைகளுக்கு இது பழைய சரித்திரம் இல்லை. விழா முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன.

பாடத்தை நகரம் விழுந்ததோடு நிறுத்த நான் ஒப்பவில்லை. ஓவொன்ராம்வென் ஆகஸ்டில் சரணடைந்து, கலபாருக்கு நாடுகடத்தப்பட்டு, 1914இல் அங்கேயே இறந்தார். அதே வருடம் அவர் மகன் இரண்டாம் எவேகாவுக்கு முடிசூட்ட ஆங்கிலேயர்கள் சம்மதித்தார்கள். 1979இல் அரியணை ஏறிய எரேடியாவா அந்த ஓவொன்ராம்வெனின் கொள்ளுப்பேரன் என்பதை மாணவர்களே எனக்குச் சொன்னார்கள். வடக்கையும் தெற்கையும் இணைத்து பிரிட்டிஷ் ஆளுநர் லுகார்டு நைஜீரியாவை உருவாக்கியதும் 1914தான். அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கினேன்.