எனக்குக் கிடைத்த வேடம்

காலநிலைப் போராட்டத்துக்கான அறவழிச் சட்டமறுப்புப் பயிற்சி என்றதும் தரையில் உட்காரச் சொல்வார்கள், போலீஸ் தூக்க வந்தால் எப்படிக் கிடப்பது என்று சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அதெல்லாம் மதியத்துக்கு மேல்தான் நடந்தது. காலையில் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்த சீட்டில் 'கார் ஓட்டுபவர். வேலைக்கு ஏற்கெனவே தாமதம்' என்று எழுதியிருந்தது.

மொத்தம் இருபது பேர். எட்டுப் பேர் கைகோத்து சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் போலீஸ், இரண்டு பேர் பத்திரிகைக்காரர்கள், மிச்சம் ஆறு பேர் வண்டிக்காரர்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் என் கார். விசில் ஊதியதும் நான் எழுந்து போய்க் கத்த வேண்டும். எனக்கு நடிப்பெல்லாம் வராது என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"உங்க பூமி அழியறதுக்கு இன்னும் அம்பது வருஷம் இருக்கு. என் வேலை போறதுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு!"

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கல்லூரி வயசு. முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாலை மறியலில் மாட்டி, அப்பாவுக்கு ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய ஸ்கேன் நேரத்தைத் தவறவிட்டவன் நான். பின் சீட்டில் அவர் ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்தார், அதுதான் தாங்கவில்லை. அந்த மறியல் எதற்காக நடந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாடகத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர் அந்தப் பெண்ணிடம், "இவர் கத்தினப்போ நீ என்ன சொன்னே?" என்று கேட்டார். அவள் கரியமில வாயுக் கணக்கு சொல்லியிருந்தாள். 1958-இல் காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்று. எல்லாம் சரியான எண்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் என் காதில் ஒன்றுகூட ஏறவில்லை. "முதல்ல மன்னிப்புக் கேளு. அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கோம்னு ஒரே வரியில சொல்லு. வாதாடாதே. முக்கியமா, போனைப் பார்க்காதே" என்றார் அவர்.

அன்றிலிருந்து இந்தப் போராட்டங்களைப் பற்றி எதைப் படித்தாலும் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கிறேன்.

1930-ஐ எடுத்துக்கொள்வோம். தண்டியில் காந்தி கை நிறைய உப்பை அள்ளியபோது யாருடைய வழியும் அடைபடவில்லை. எந்தச் சட்டத்தை அநியாயம் என்றாரோ அதே சட்டத்தைத்தான் மீறினார். அதே மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். போராளிகளுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். ஒரு பொட்டலம் கட்டத் தெரிந்தாலே சட்டமறுப்பில் சேர்ந்துவிடலாம் என்ற நிலை அது.

காலநிலைக்கு அப்படி ஓர் உப்பு இல்லை. இதுதான் என் தலைவலி. நிலக்கரி தோண்டுவது, எண்ணெய் எடுப்பது, அதற்குக் கடன் கொடுப்பது எல்லாமே உரிமத்தோடும் ரசீதோடும் நடப்பவை. இவற்றை எதிர்ப்பவனுக்கு மீறுவதற்கென்று கையில் கிடைப்பது போக்குவரத்துச் சட்டமும் அத்துமீறி நுழைவதற்கு எதிரான சட்டமும்தான். அவற்றோடு அவனுக்கு ஒரு சண்டையும் கிடையாது. சண்டை ஓரிடம், மறியல் வேறிடம். நடுவில் மாட்டுவது நாற்காலிக்காரன்.

இந்தச் சிக்கலை உடைத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் டிம் டிகிறிஸ்டோபர். பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த 27 வயசுப் பையன். 2008 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் (ஊர்ப் பேரிலேயே உப்பு இருக்கிறது, கவனியுங்கள்) அரசு நிலங்களை எண்ணெய், எரிவாயு எடுக்க ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புத் தெரிவிக்கப் போனவரிடம் வாசலில், "ஏலம் கேட்க வந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றார். 70-ஆம் எண் அட்டையைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். முதலில் விலையை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஒன்று விடாமல் கேட்டு 14 மனைகளை எடுத்துவிட்டார். ஏறக்குறைய 22,500 ஏக்கர், 18 லட்சம் டாலர். கையில் பணம் கிடையாது. அதற்குள் ஏலமே குழம்பிப்போனது.

இரண்டு மாதத்தில் புதிய அரசு வந்து, அந்த ஏலத்தில் போன 77 குத்தகைகளை ரத்து செய்தது. தப்பு ஏலம் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும் அவருக்கு 2011-இல் இரண்டு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. 21 மாதங்கள் இருந்தார். யார் காரையும் அவர் மறிக்கவில்லை. அநியாயம் எந்த அறையில் நடந்ததோ அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் சாலை மறியலே கூடாது என்கிறாயா என்றால், அப்படியும் சொல்ல முடியவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஏ12 நெடுஞ்சாலையை 2023 செப்டம்பர் 9 முதல் தினமும் மறித்தார்கள். முதல் நாளே 2,400 பேரைப் பிடித்துப் போனது போலீஸ். தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள், நனைந்த சட்டையோடு மறுநாளும் வந்தார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்குக் கொடுக்கும் மானியத்தை நிறுத்து. மானியத்தை முடிவு செய்யும் நாடாளுமன்றமும் பொருளாதார அமைச்சகமும் அந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன. அக்டோபர் 10-இல், மானியத்தை எப்படிப் படிப்படியாக ஒழிப்பது என்று திட்டங்களை வகுக்கும்படி அரசைக் கேட்டு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மறியல் நின்றது. அந்தச் சாலையில் காரில் மாட்டிய ஆளுக்குக் கோபம் வந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் எதற்காக மாட்டினோம் என்றாவது தெரிந்திருக்கும்.

2022-இல் காலநிலைப் போராளிகள் இரண்டு பேர் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் கண்ணாடிமீது தக்காளி சூப் ஊற்றியதை என்னால் இன்றும் ரசிக்க முடியவில்லை. ஓவியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது தெரியும். அவர்களில் ஒருவருக்கு இரண்டு வருஷம் ஜெயில் என்பது அநியாயம் என்பதும் தெரியும். இங்கிலாந்தில் எம்25 சாலை மறியலை இணையவழிக் கூட்டத்தில் திட்டமிட்டதற்காக 2024-இல் காலநிலைப் போராளி ரோஜர் ஹாலமுக்கு 5 வருஷம், நாலு பேருக்கு ஆளுக்கு 4 வருஷம் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. மறியலை வெறுக்கிற நாற்காலிக்காரனாகிய எனக்கே அந்தக் கணக்கு உறைத்தது.

பயிற்சிக்குத் திரும்புகிறேன். மதியம் தூக்கப்படப் பழகினோம். 'குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்' என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்போம்! தூக்கப்படுபவன் உடம்பை இறுக்கினால் அது எதிர்ப்பு, தள்ளுமுள்ளு, தனி வழக்கு என்றார்கள். தூங்கும் குழந்தைபோல் முழுசாகத் தளர்ந்துவிட வேண்டும். அப்போது ஒரு ஆளைத் தூக்க நாலு போலீஸ் வேண்டியிருக்கும். வக்கீல் நம்பரை முன்கையில் மார்க்கரால் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் போன் முதலில் போய்விடும். சாலையில் கையைப் பசையால் ஒட்டிக்கொள்வதைப் பற்றி ஒரு பையன் ஆர்வமாகக் கேட்டான். ஜெர்மனியில் போலீஸ்காரர்கள் சமையல் எண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டுவந்து பொறுமையாகக் கையைப் பிரித்தெடுப்பார்கள் என்றார் பயிற்சியாளர். எண்ணெய்க்கு எதிரான போராட்டத்தை எண்ணெய் ஊற்றியே கலைக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் கூட்டம். சாலை வேண்டாம், நிலக்கரிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் வாசலிலேயே உட்காரலாம் என்றேன். சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்ட வேண்டும். ஏழு பேர் ஆட்டினார்கள். மற்றவர்கள், வாசலில் உட்கார்ந்தால் எந்தக் கேமராவும் வராது என்றார்கள். அதிலும் உண்மை இருந்தது. பேசிப் பேசி, அந்த வாசலுக்கு எதிரே உள்ள சாலை, ஒரு மணி நேரம், ஆம்புலன்ஸுக்கு எந்நேரமும் ஒரு பக்கம் திறந்திருக்கும் என்று முடிவானது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறியல் நாளில் ஆம்புலன்ஸ் எதுவும் வரவில்லை. இருபதாவது நிமிஷத்தில் மூன்றாவது காரிலிருந்து ஒருவர் இறங்கி என்னிடம் வந்தார். கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றேன். "அதோ அந்தக் கட்டடத்துலேருந்து புதுசா ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கடன் போகுது. அதை நிறுத்தத்தான். அவசரமா மருத்துவமனைக்குன்னா சொல்லுங்க, இந்தப் பக்கமா இப்பவே விடறேன்."

கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். "மருத்துவமனை இல்ல, ஆபீஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி பாதி இறங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதிகபட்சம் நாற்பது நிமிஷம், இல்லேன்னா எங்க ஆளுங்களைப் போலீஸ் தூக்கற வரைக்கும் சார்."

"ஒரு ஆளைத் தூக்க எவ்வளவு நேரமாகும்?"

நாலு போலீஸ் வேண்டும் என்று சொன்னேன். வண்டியிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று அவரும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்.