போர்ஷனை முடிக்காத சயின்ஸ் சார்

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு நம் ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். நூற்றுக்கு நூறு வாங்க வைத்தவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுத நினைத்தது எந்த வருஷமும் போர்ஷனை முடிக்காத ஒருவரைப் பற்றி. எண்பதுகளின் தொடக்கத்தில் படித்தவர்களுக்குப் பெயரே சொல்ல வேண்டாம். சயின்ஸ் சார் என்றால் அவர் ஒருவர்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலை கிடைத்து நம் ஊருக்கு வந்தவர், ஓய்வு பெறும்வரை வேறு ஊர் போகவில்லை. பர்மா தேக்குத் தூண் நிற்கும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர்கள் மலேசியாவில், ஊரில் ஒரு ஆச்சி மட்டும். வாடகையைவிட, வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்பதுதான் ஆச்சிக்குப் பெரிது.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். முழு கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் பக்கம். நமக்கு முக்கால்வாசிக்கு மேல் மறைந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததுமே ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. மிச்சம் இருந்ததில் தர்ப்பையைப் போட்டு, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை வெளிச்சம் படாத அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். சார் எங்களில் சிலரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தால் தோலை உரிப்பேன் என்பது முதல் பாடம். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சி, கிரகணம் விடுற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டீங்கள்ல? அந்த ஜல்லிக்கரண்டியைக் கொஞ்சம் கொடுங்க" என்றார்.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெயில் விழுந்த இடத்தில் கரண்டியைப் பிடித்தார். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் சரியாகத் தெரியவில்லை என்று தன் வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்தார். கரண்டியின் ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே ஒரு பிறை. வேட்டி முழுக்கப் பிறைகள். "ஓட்டை வட்டம்தானல, வெளிச்சம் ஏன் பிறையா விழுது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி மட்டும், "அங்கே ஒண்ணைத்தானே பாம்பு கடிக்குது, இங்கே இத்தனையவும் கடிச்சு வச்சிருக்கே" என்றார்கள். கரண்டியைத் திரும்ப வாங்கிப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுக்களைக்குள் விட்டார்கள்.

திங்கட்கிழமை சார் வகுப்புக்கு ஓர் அட்டை கொண்டுவந்தார். அதில் சின்னதாகச் சதுர ஓட்டை, முக்கோண ஓட்டை. வெயிலில் தூக்கிப் பிடித்தால் எல்லாமே தரையில் வட்டமாகத்தான் விழுந்தன. விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் வடிவம் என்று எங்களில் ஒருவன் வாயால் வரும்வரை அவர் விடவில்லை. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று புத்தகத்தில் ஒரே வரி. அதற்கு ஒரு வாரம் போய்விட்டது. போர்ஷன் எப்படி முடியும்?

ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. எதுவும் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டியே கிடக்கும். அதனால் நம் சோதனைகள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான். உப்புத் தண்ணீர் ஊற்றிய மூன்று பாட்டில்களில் மூன்று ஆணிகள். ஒன்று வெறும் ஆணி. ஒன்றில் செம்புக் கம்பி சுற்றியது. இன்னொன்றில், தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்து எடுத்த துத்தநாகத் தகட்டைச் சுற்றியது. செம்பு சுற்றியதுதான் முதலில் துருவேறியது. துத்தநாகம் சுற்றிய ஆணி அப்படியே இருக்க, தகடு மட்டும் வெள்ளையாகப் பூத்து அரித்துக்கொண்டு போனது. "ஒருத்தன் கரையுறான், இன்னொருத்தன் பிழைக்கான். யாரு எலெக்ட்ரானைக் கொடுக்கான்னு சொல்லுல" என்பார். தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வந்தாலும் இதே கதைதான். நவச்சாரம் போட்டதும் எழும் புகையைக் காட்டி, அது ஏன் போடுகிறார், போடாவிட்டால் ஈயம் ஏன் ஒட்டாது என்று அங்கேயே வகுப்பு. ஈயம் பூசுகிறவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

காரைக்குடி சிக்ரிக்கும் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கூட்டிப்போனார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் நம் செம்மண்ணில் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அங்கே ஒருவர் அரிமானத்தை, அதாவது உலோகம் துருவேறி அரித்துப்போவதைப் பற்றி விளக்கியபோது எங்களுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வரிசையிலிருந்து வந்த கேள்விகளைக் கேட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார். சார் அன்று பஸ்ஸில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் எனக்கு வேலை. இரும்பு துருவேறாமல் இருக்கக் கப்பலின் அடியில் பொருத்திய துத்தநாகக் கட்டிகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று பார்ப்பதும் அதில் சேர்த்தி. சார் காட்டிய வழி என்று இதைச் சொன்னால் அவரே சிரிப்பார். டிப்ளமாவில் வேறு பிரிவு கிடைக்கவில்லை, அதனால் வந்தேன். ஆனால் சக ஊழியர்கள் அட்டவணையைப் பார்த்து மாற்றும் கட்டியை, நான் எதனால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் கரைந்தது என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றுகிறேன்.

மலர் என்பதற்காக ஒன்றை மறைக்க முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபோது இரண்டு பாடங்களை அவர் தொடவே இல்லை. பெற்றோர் போய்ப் புகார் சொன்னார்கள். ராத்திரி முகப்பில் உட்கார வைத்து ஓட்டமாக நடத்தினார், அப்படியும் முடியவில்லை. டியூஷனுக்கு வழி இருந்தவர்கள் தப்பித்தோம். இல்லாத சிலருக்கு மார்க் குறைந்தது. அவர்களுக்கு அந்தக் கோபம் இன்றும் இருந்தால் அது நியாயம்தான். கோபப்பட வேண்டியது அவர்மீது மட்டுமா, அந்தப் போர்ஷன்மீதும் உண்டா என்பது என் சந்தேகம்.

சார் பெயரில் பள்ளிக்கு ஒரு நுழைவு வளைவு கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தப் பணத்தில் சோதனைக் குழாய்களும் பீக்கர்களும் வாங்கிக் கொடுப்போம். உடைந்தால் ஆசிரியரைக் கேட்கக் கூடாது, நாமே மறுபடி வாங்கித் தருவோம் என்று எழுதியும் கொடுப்போம். என் பங்குத் தொகையை இந்தக் கணக்கில்தான் தருவேன். மற்றதை அடுத்த பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம்.