இல்லாத அரண்மனைக்கு வழிகாட்டுதல்

கண்டிக்கு வருகிறவர்கள் பொதுவாகத் தலதா மாளிகை, வாவிக்கரை, மாலை நடனம் என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு மறுநாள் காலையில் நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். கூடுதலாக ஒரு நாள் தங்குகிறவர்களுக்கென்று நான் வேலை செய்யும் நிறுவனம் ஒரு பகல் சுற்று வைத்திருக்கிறது. காலையில் வான் ஏறினால் பேராதனை, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க, கம்பளை என்று மகாவலி ஆற்றை ஒட்டியும் சற்றே விலகியும் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். தமிழ்ப் பயணிகள் என்றால் இந்தச் சுற்று என் தலையில்தான் விழும். அதில் எனக்குக் குறையில்லை. கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். சொந்த ஊர்ப்பக்கம் போய்வரச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது கம்பளை இராசதானி. பதினான்காம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு தொடங்கிச் சில மன்னர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். பொலன்னறுவை வீழ்ந்த பிறகு தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல் என்று இடம் மாறிக்கொண்டே வந்த சிங்களத் தலைநகரம், கோட்டைக்குப் போகுமுன் மகாவலிக் கரையில் இளைப்பாறிய இடம் அது. கண்டி தலைநகரானது அதற்கும் பிறகு. இவ்வளவும் உண்மை. ஆனால் கம்பளையில் இறங்கி "அரண்மனை எங்கே?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பஸ் நிலையம் இருக்கிறது, துணிக்கடைகள் இருக்கின்றன, நல்ல கொத்துரொட்டி கிடைக்கும். அரண்மனை மட்டும் இல்லை. இல்லாத ஒன்றைக் காட்டிக் காசு வாங்குவது எப்படி என்பதைத்தான் இத்தனை வருடங்களாகக் கற்றுவருகிறேன்.

பேராதனைப் பூங்காவில் அந்தக் கவலை கிடையாது. மரம் இருக்கிறது, காட்டலாம். மகாவலி மூன்று பக்கமும் வளைந்து போகும் நிலம் அது. மூன்றாம் விக்கிரமபாகு 1371இல் அங்கே அரசவை வைத்திருந்தான் என்பார்கள். வெள்ளைக்காரர் 1821இல் அதைத் தாவரவியல் பூங்கா ஆக்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அங்கே இயங்கியது. இதைச் சொல்லி உள்ளே விட்டுவிட்டால் போதும், படம் எடுத்துக்கொண்டு திரிவார்கள். சண்டை வாசலில்தான். டிக்கெட் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பன்மடங்கு. கனடாவிலிருந்து வந்த ஓர் ஐயா கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, நான் இந்தப் பேராதனையில்தான் பட்டம் வாங்கினேன். எனக்கே வெளிநாட்டு விலையா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். விலையைத் தீர்மானித்தவன் நானில்லை. ஆனாலும் திட்டு வாங்குவதும் வழிகாட்டியின் கடமைப் பட்டியலில் உள்ளதுதான்.

பூங்காவை விட்டு ஆற்றுப் பாலத்துக்கு வரும்போது என் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. 1833இல் அங்கே முதிரை மரத்தில், ஆணி அடிக்காமல், ஆற்றுக்கு மேலே ஒற்றை வளைவாக ஒரு பாலம் கட்டினார்கள். 1905இல் அதை அகற்றி இரும்புப் பாலம் போட்டார்கள். பழைய பாலத்தைப் பற்றிச் சொன்னதும் வானில் இருக்கும் எல்லோரும் ஒருமுறை ஆற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள். இல்லாததைப் பார்க்கக் கண் பழகுவதற்கு அது நல்ல பயிற்சி.

முன்பெல்லாம் சுற்று வேறு விதமாக இருந்தது. பேராதனையிலிருந்து கெலிஓயா வழியாக நேரே கம்பளை, அங்கிருந்து திரும்பும் வழியில் விகாரைகள். முற்பகலில் கடைத்தெருவைப் பார்த்து ஏமாந்தவர்கள் மிச்சப் பகல் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். அதைத் தலைகீழாக்கினால் என்ன என்று மேலாளரிடம் சொன்னேன். கொழும்பு வீதியில் பிலிமத்தலாவை வரை போய் உள்ளே திரும்பி, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்ற மூன்று கோயில்களையும் பார்த்த பிறகு கம்பளைக்கு இறங்குவது. டீசல் கணக்குப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

கடலாதெனியவில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உடனே உற்சாகம் வந்துவிடும். கருங்கல் கட்டடம், தூண்களில் நடனமாதர், மேலே தென்னாட்டுச் சாயல். "நம் ஊர்க் கோயில் மாதிரியே இருக்கிறதே!" என்பார்கள். இருக்கும்தான். 1344இல் இதைக் கட்டிய சிற்பாசாரி கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியர். இந்த இடத்தில் "தமிழன் கட்டியது" என்று ஒரு வரி சொன்னால் அன்றைய டிப்ஸ் கூடும் என்பது எனக்குத் தெரியும். அப்படியே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் வழிகாட்டிகளையும் தெரியும். சிங்களக் குழுவைக் கூட்டிவரும்போது சிற்பியின் பெயரையே விழுங்கிவிடுகிறவர்களையும் தெரியும். இருவருக்கும் நல்ல வரும்படி. நான் நீட்டியே சொல்வேன்: கட்டியவர் தென்னிந்தியர், கட்டுவித்தவர் தர்மகீர்த்தி என்ற பௌத்தத் தேரர், நாட்டை ஆண்டவன் சிங்கள மன்னன், கருவறையில் இருப்பவர் புத்தர், பக்கத்துச் சந்நிதியில் விஷ்ணு. இவ்வளவையும் ஒன்றாகக் கேட்டால் கைதட்டத் தோன்றாது. என் வருமானம் அதனால் சற்றுக் குறைவுதான்.

லங்காதிலகவில் இன்னும் நேரம் எடுப்பேன். அதே 1344ஆம் ஆண்டு, சேனாலங்காதிகார என்ற அமைச்சர் எடுப்பித்தது. ஒரு பெரிய பாறையின் முதுகில் செங்கல்லால் எழுப்பிய கட்டடம். கிழக்கே புத்தர், வெளிச்சுற்றில் தனித்தனி வாசல்களோடு கணபதி, கந்தன், விபீஷணன், சமன் தெய்வம். பாறையிலேயே சாசனம் வெட்டியிருக்கிறார்கள், சிங்களத்திலும் தமிழிலும். தமிழ் என்று சொன்னதுதான் தாமதம், எல்லோரும் ஓடுவார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வெயிலில் குந்தியிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். பழைய எழுத்து, தேய்ந்தும் போயிருக்கிறது. விகாரைக்கு விட்ட மானியங்களைப் பற்றிய சாசனம் என்று நான் சொன்னதும், "அவ்வளவுதானா, தம்பி?" என்று நிமிர்ந்தார். போர், வெற்றி என்று ஏதாவது எதிர்பார்த்திருக்கிறார். "மானியத்தைத் தமிழிலும் எழுதவேண்டியிருந்திருக்கிறதே, அம்மா. வாசிக்க ஆள் இல்லாமலா வெட்டுவார்கள்?" என்றேன். சிறிது யோசித்துவிட்டு மறுபடியும் குந்திக்கொண்டார்.

அங்கே நிற்கும்போது எனக்கு மட்டும் தோன்றும் ஒன்று உண்டு, பயணிகளிடம் சொல்வதில்லை. தமிழ் 1987இல் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் ஏறிவிட்டது. ஆனால் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வருகிற அரசாங்கக் கடிதங்கள் பல இன்னமும் சிங்களத்தில்தான் வருகின்றன. நான் வீட்டுக்குப் போகும்வரை அவை அலுமாரியின் மேல் காத்திருக்கும்.

அரண்மனை எம்பெக்கவில் இருக்கிறது. அப்படித்தான் நான் சொல்வேன். மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கதிர்காமத் தெய்வத்துக்கு எடுத்த கோயில் அது, இங்கே தேவாலயம் என்பார்கள். முருகன் என்றதும் நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு விபூதி எங்கே என்று தேடுவார்கள். அங்கே பூசை கப்புறாளை எனும் சிங்களப் பூசாரியுடையது, திரைக்குப் பின்னால் நடக்கும். முன்னாலுள்ள மேள மண்டபத்தின் மரத்தூண்கள்தான் என் இலக்கு. மல்லர்கள், இருதலைப் பறவை, கழுத்துப் பின்னிய அன்னங்கள், பாலூட்டும் தாய், குதிரைவீரன். கூரையின் முனையில் 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆப்பு கவ்விப் பிடித்திருக்கிறது. இந்தத் தூண்கள் கம்பளையில் கைவிடப்பட்ட அரச மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது வழிவழியாக வரும் செய்தி. வழிவழியாக வருவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கல்வெட்டு என்று அளப்பதில்லை. எல்லோரையும் தரையில் உட்காரவைத்து, "இப்போது நீங்கள் இருப்பது கம்பளை அரசனின் சபை. ஊர்தான் இன்னும் வரவில்லை" என்பேன். அதற்குப் பிறகு கம்பளைக்குப் போனால் யாரும் அரண்மனை எங்கே என்று கேட்பதில்லை. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அந்தத் தூண்களை அவர்களாகவே நட்டுக்கொள்கிறார்கள்.

கம்பளையில் என் வேலையில் பாதியை எங்கள் சாரதி எடுத்துக்கொள்வார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம், அவரும் எங்களுக்கு நானாதான். அந்த ஊர்க்காரர். 1344இல் இந்தத் தீவுக்கு வந்து சிவனொளிபாத மலை என்று நாம் சொல்லும் பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, குனகார் என்று ஒரு தலைநகரைப் பற்றி எழுதியிருக்கிறார். அது குருநாகலா கம்பளையா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். நானாவுக்கு விவாதமே கிடையாது, அது கம்பளைதான். காயல்பட்டினத்திலிருந்து ஒரு குழு வந்தபோது இப்னு பதூதா எந்தக் கடையில் தேநீர் குடித்தார் என்பதைச் சொல்லாததுதான் பாக்கி.

ஆனால் 1915 பற்றிப் பேச்சு வந்தால் நானாவின் குரல் மாறும். வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம், அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்பதுதான் வழக்கு. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் சிங்கள–முஸ்லிம் கலவரம் மூண்டு நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது, வெள்ளைக்காரர் இராணுவச் சட்டம் போட்டார்கள். வழக்கில் கடைசியில் யார் வென்றார்கள் என்று பயணிகள் கேட்டால், "துரைமார்" என்று சொல்லிவிட்டு வானைக் கிளப்புவார். இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்ப்பதில்லை.

அடுத்த நிறுத்தம் விளம்பரத் தாளில் இல்லாதது. ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள சிங்ஹாபிட்டியவில் 1824 அளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டார். மலைநாட்டின் பெருந்தோட்டக் கதை அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. கோப்பி பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள், வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது, தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின, ஆட்கள் மட்டும் மாறவில்லை. வீதியோரத்தில் வானை நிறுத்தி, இறங்காமலே இதைச் சொல்லுவேன். இராசதானியைப் பார்க்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்று ஒருமுறை நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். அந்த ஊரில் அரசனுக்குப் பிறகும் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்றேன்.

அந்த நிறுத்தத்தில்தான் நீலகிரிக்காரர்கள் வாய் திறப்பார்கள். 1948இல் தோட்டத்து ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கூடலூர், கோத்தகிரிப் பக்கமிருந்து சுற்றுலா வருகிறார்கள். அவர்களில் ஒருவர் பையிலிருந்து தாத்தாவின் பழைய பயணப் பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினார். அதிலிருந்த தோட்டம் எங்கள் தோட்டத்துக்கு அடுத்தது. நானா கண்டி வாகன நெரிசலைப் பற்றி முணுமுணுத்தாலும் வானை மேலே திருப்பினார்.

லயம் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் திண்ணை, தகரத்துக்கு மேலே கல். அரசனின் மண்டபம் தூண் மிச்சமாகிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. துரை கட்டிய லயம் போட்ட இடத்திலேயே நிற்கிறது, உள்ளே ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பகலில் "முன்பு இங்கே" என்று தொடங்காமல் நான் பேசிய ஒரே இடம் அதுதான். வந்தவர் எந்தக் காம்பரா என்று தெரியாமல் நடுவில் நின்றார். ஒரு பாட்டி வெளியே வந்து, "யாருடைய பேரன், சாமி?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுத் தாத்தாவின் கூட்டாளிகள் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பிளேன்டி வந்தது. மற்றப் பயணிகள் வானிலேயே இருந்தார்கள். இருக்கச் சொன்னவன் நான்தான்.

இந்தச் செய்தி எப்படியோ நிறுவனத்துக்கு எட்டி, "தோட்ட வாழ்க்கை அனுபவம்" என்று ஒன்றைச் சுற்றில் சேர்க்கலாமே என்றார் மேலாளர். லயத்தைப் பார்ப்பது, கொழுந்து பறித்துப் பார்ப்பது, ரொட்டியும் சம்பலும். நன்றாக ஓடும், எனக்குச் சந்தேகமில்லை. முடியாது என்றேன். காரணம் கேட்டார். "சார், கம்பளை அரசன் குளிக்கும்போது யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. என் அம்மா இன்னும் அங்கேதான் குளிக்கிறார்" என்றேன். அவருக்கு விளங்கியது. விளங்கியது என்பதால் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன், மாற்றாக அம்புலுவாவக் கோபுரத்தைச் சேர்த்தார்.

அம்புலுவாவ கம்பளைக்கு மேலே ஒரு மலையுச்சி. அங்கே 48 மீற்றர் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோபுரம், வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒடுங்கிய படிகள். மேலே போகப் போக எதிரே இறங்குகிறவருக்கு வழிவிட இடமிருக்காது. வலைத்தளப் படங்களால் இன்று அதற்குத்தான் மவுசு. காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

ஆகவே எதையாவது விட்டாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எதை விடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். கடலாதெனியவை விடலாமா, மூன்றும் ஒரே மாதிரித்தானே என்கிறார்கள். பேராதனைப் பூங்காவை விடுங்கள் என்கிறேன். கண்டியில் தங்கியிருப்பவர்கள் மறுநாள் காலை ஒரு முச்சக்கர வண்டி பிடித்துத் தாமாகவே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் சண்டையும் அவர்களோடு போகும்.