அந்தச் சுவர் என்ன நிறம்?

"இல்லடா தம்பி, சுவர் பச்சை," என்றார் அக்கா. நான் இன்று அனுப்பிய ஓவியத்தைப் பார்த்துவிட்டுத்தான்.

நான் நீலம் பூசியிருந்தேன்.

பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் எங்கள் மாடி அறை. பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த கட்டுப்பாடு 2000-இல் நீங்கியதும் காலி செய்தோம். ஒரு போட்டோகூட இல்லை.

அப்பாவின் நாற்காலியை மட்டும் மூன்று நாள் வரைந்தேன். வலது கைப்பிடியில், சுடச்சுட மைலோ டம்ளர் வைத்து வைத்து விழுந்த வெள்ளை வட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அது இடது பக்கம். அப்பாவுக்கு இடக்கைப் பழக்கம், மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன்.

நினைக்கும்போதெல்லாம் மனம் நினைவைப் புதிதாகக் கட்டுகிறது என்று 1932-லேயே உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் எழுதினார். இத்தனை வருடத்தில் அப்பாவை எத்தனை முறை கட்டினேனோ!

சுவர் நீலமாகவே இருக்கட்டும்.

வட்டத்தை மட்டும் இடது கைப்பிடிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.