விஷுவல் பேசிக் 6 மட்டும் தெரிந்தவர் அடுத்து எதைக் கற்பது?

திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் விஷுவல் பேசிக் 6-இல் நிரல் எழுதிவந்தேன். 1998-இல் வெளியான அந்தக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் முற்றாக நிறுத்திவிட்டது. ஆனாலும் நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள்கள் புதிய விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருந்ததால், வேறொன்றைக் கற்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு வரவில்லை. 2018-இல் வேலை போன பிறகு, 38 வயதில்தான் அது வந்தது.

அந்தப் பதற்றத்தில் இயந்திரக் கற்றல் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். பாடம் நல்ல பாடம்தான். ஆனால், கல்லூரி முடித்த பிள்ளைகளோடு புள்ளியியலை முதலிலிருந்து படித்த அந்த நான்கு மாதங்களில், என் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் ஒரு நாள்கூட எனக்குக் கைகொடுக்கவில்லை. அதனால் பாதியிலேயே விலகினேன்.

பிறகு ஒரு நோட்டில், மொழியைத் தவிர எனக்கு என்னென்ன தெரியும் என்று எழுதினேன். எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் நன்றாகத் தெரியும். நூல் நிட்டிங்குக்குப் போய், துணியாகி, டையிங்கும் (சாயமிடுதல்) காம்பாக்டிங்கும் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்துதல்) முடிந்து திரும்பும்போது எடை எவ்வளவு குறையும், அந்தக் குறைவை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, வாட் கணக்கில் இருந்த பில்களை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி என்று பிரித்து மாற்றிய அனுபவமும் இருந்தது. இவை அனைத்தும் பயன்படும்படி, மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளும் பாதை எது என்று பார்த்தபோது, சி ஷார்ப் (C#) மொழியும், அதில் இணையச் செயலிகள் எழுத உதவும் ஏஎஸ்பி டாட்நெட் கோர் (ASP.NET Core) கட்டமைப்பும்தான் என்று முடிவாயிற்று.

காலை ஐந்து முதல் ஏழு வரை படித்தேன். காணொளிகளில் வரும் மாதிரித் திட்டங்களை விட்டுவிட்டு, நான் முன்பு எழுதியதைப் போன்ற ஒரு பில்லிங் மென்பொருளையே புதிதாக எழுதினேன். இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விடை என்னவாக இருக்க வேண்டும் என்று நமக்கு முன்பே தெரிந்த கணக்கில்தான் தவறு உடனே கண்ணில் படுகிறது. கணக்கிடும் பகுதியைத் தரவுத்தளத்திற்கு மாற்றியதும் சில பில்களில் பழைய மென்பொருளின் தொகையோடு ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தது. பைசாவை முழு ரூபாயாக்கப் பயன்படும் விஷுவல் பேசிக்கின் ரவுண்ட் கட்டளை, சரிபாதியாக (.50) வரும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் என்பதால் 1250.50 அதில் 1250 ஆகிறது. எஸ்கியூஎல் சர்வரிலோ அது 1251. இரண்டு நாள் தேடி இதைக் கண்டுபிடித்தேன். பின்னர் நேர்காணல் ஒன்றில் இதை விளக்கியபோது, அதன் பிறகு வந்த கேள்விகளெல்லாம் இதைச் சுற்றியே இருந்தன.

கோபால் (COBOL), ஃபாக்ஸ்புரோ போன்ற பழைய நிரல் மொழிகளில் இருப்பவர்களும் இப்படியே யோசிக்கலாம். வங்கிக் கணக்குமுறை அறிந்த கோபால் நிரலாளருக்கு ஜாவா பக்கத்து வீடு. ஃபாக்ஸ்புரோ தெரிந்தவர் தரவு இடமாற்றப் பணிகளைத் தேடலாம். முதல் ஆண்டில் சம்பளம் குறையக்கூடும் என்பதையும் வீட்டில் முன்பே பேசிவிடுங்கள், எனக்குக் குறைந்தது.

சுயவிவரத்தில் பழைய மொழியை மறைக்காதீர்கள். கோயம்புத்தூரில் எனக்குக் கிடைத்த முதல் பணியே, விஷுவல் பேசிக் 6-இல் இருந்த இருப்புக் கணக்கு மென்பொருளை சி ஷார்ப்புக்கு மாற்றுவதுதான். அந்தக் குழுவில் பழைய நிரலைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.