பேப்பரில் வராத யானை

சித்திரக்கதைகளின் ஒரிஜினல் பக்கங்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் பழைய காமிக்ஸ் புத்தகம் சேர்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். புத்தகம் வேறு. நான் சொல்வது அச்சுக்குப் போவதற்கு முன் ஓவியர் தன் கையால் பென்சிலில் கீறி, மையிட்டு, பிழை வந்த இடத்தில் வெள்ளை பூசி அனுப்பிய அந்த அட்டை. உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அப்படிச் சில பக்கங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டில் இருக்கின்றன என்று பெயர்ப்பலகை எழுதும் நண்பர் ஒருவர் சொன்னார். ஆனி மாத லீவு வந்ததும் புறப்பட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு வழி சுலபம். வவுனியா பஸ்ஸில் ஏறி மாங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனையிறவு தாண்டிப் பரந்தனும் போனால் பனைகள் குறையத் தொடங்கும், கிளிநொச்சிக்குப் பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் காடு தலைகாட்டும். முறிகண்டியில் பிள்ளையாரைத் தாண்டி எந்த டிரைவரும் நிற்காமல் போனதை நான் கண்டதில்லை. எல்லாரும் இறங்கினார்கள், கற்பூரம், சிதறு தேங்காய், பிறகு கச்சான். நானும் ஒரு சரை வாங்கிக்கொண்டேன். மாங்குளம் சந்தியில் அடுத்த பஸ் வர நேரம் எடுத்தது, வெயிலும் சோளகமும் சேர்ந்து முகத்தில் புழுதி அடித்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்குப் பிறகான ரோடுதான் எனக்குப் பிடித்த துண்டு. பாலை, வீரை, முதிரை என்று நெருக்கமான காடு, இடையில் வயல்வெளி, வயலோரம் யானைக்குக் கட்டிய மின்வேலி, மரக்கொப்பில் காவல் பரண். அந்தப் பரணை மனதில் வைத்திருங்கள், பிறகு வரும்.

பெரியவரின் பெயரையோ ஊரையோ எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் ஐயா என்றே சொல்கிறேன். எண்பதை நெருங்குகிறவர். வாழ்க்கை முழுக்கக் கடைப் பலகை, லொறிப் பெட்டி, கூத்து மேடைக்குச் சீன் என்று எழுதி வயிறு வளர்த்தவர். எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்கதைத் தொடர் வரைந்திருக்கிறார். சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழில் சுந்தர் வரைந்த சவாரித்தம்பரைப் பார்த்துப் பார்த்துத்தான் கோடு பழகினாராம், ஆனால் பகிடி வரவில்லை, அதனால் காட்டுக்கதைக்கு மாறினேன் என்றார்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். நாலு பக்கங்கள். அவ்வளவுதான். தொடர் ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது, வாரம் ஒரு பக்கம். பத்திரிகைக்கு அனுப்பியவற்றில் பெரும்பாலானவை திரும்பி வரவேயில்லை. திரும்பி வந்தவற்றை வீட்டில் வைத்திருந்தார், 2009இல் வீட்டோடு அவையும் போயின. வவுனியாவில் இருந்த தங்கச்சி சீலைப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்ததால் இந்த நாலும் தப்பின. இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இடம்பெயர்ந்த கதையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓவியம் திரும்பி வராதது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் நெடுங்காலம் அச்சான பிறகு பக்கங்களைக் கேட்பார் கிடையாது, கொம்பனிக் களஞ்சியத்தில் கிடக்கும், கிழித்து எறிவார்கள், வாசகருக்கு இனாமாகவும் கொடுத்துவிடுவார்கள். ஜாக் கிர்பி என்ற ஓவியர் மார்வெல் கொம்பனிக்கு வரைந்த பக்கங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்வார்கள். எண்பதுகளில் பெரிய சண்டை பிடித்த பிறகு அவர் கைக்குத் திரும்பி வந்தது இரண்டாயிரம் அளவுதான். இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2022 ஜனவரியில் மைக் செக் வரைந்த ஒரேயொரு ஸ்பைடர்மேன் பக்கம், அந்தக் கறுப்பு உடை வருகிற பக்கம், 33 லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. இந்த விலைகளைப் பார்த்துச் சேர்க்க வருகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்களுக்கு அட்டைப்படமும் அடிதடியும்தான் வேண்டும். இரண்டு பேர் திண்ணையில் இருந்து கதைக்கிற பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் ஓவியர் கெட்டிக்காரனா என்பது அங்கேதான் தெரியும் என்பது என் கட்சி.

சரி, பெட்டிக்கு வருவோம். மேலே இருந்த பக்கத்தைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது. லமினேட் செய்திருந்தார்கள். யாரோ ஒரு கடைக்காரர், இப்படிச் செய்தால் ஆயுளுக்கும் கெடாது என்று சொல்லிச் சூடு வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக்குக்குள்ளே தாள் சுருங்கி, பேச்சுக் குமிழ் ஒட்டியிருந்த பசை பழுப்பாக ஊறிப் பரவியிருந்தது. இதை இனிப் பிரிக்க முடியாது. பழைய படம், கடிதம், சாதகம் எது வைத்திருந்தாலும் லமினேட் பண்ணாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

மற்ற மூன்றும் நல்ல நிலை. அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு, நல்ல வரைதல் அட்டை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. அதனால் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறார். திருப்பிப் பார்த்தால் இலட்சுமியின் ஒரு கையும் பாதித் தாமரையும். அமெரிக்க ஓவியர்கள் இப்போது பதினொன்றுக்குப் பதினேழு அங்குல அட்டையில் வரைவார்கள், அறுபதுகளின் பின்பாதி வரை அதைவிடவும் பெரிது. பெரிதாக வரைந்து சிறிதாக்கி அச்சடித்தால் கோட்டின் நடுக்கம் மறைந்துவிடும். ஐயாவுக்கு அந்த விபரம் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் அவர் பக்கங்களும் அச்சானதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மூன்றாவது பக்கம். இரவு. வயல் காவலுக்குப் பரணில் ஒரு கிழவனும் பேரனும். ஆறு கட்டம். முதல் ஐந்திலும் பரண், பந்தம், இரண்டு முகங்கள், அவ்வளவே. ஆறாவது கட்டம் கீழே பக்கத்தின் அகலம் முழுக்க, தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் கறுப்பு. மூலையில் பந்தத்தின் வெளிச்சம் சின்னதாக. கிட்டப் போய்ச் சன்னல் பக்கமாகச் சரித்துப் பிடித்தேன். அந்தக் கறுப்புக்குள் யானை நின்றது. மை காய்ந்த பிறகு சவர பிளேட்டின் முனையால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி வெள்ளையை வெளியே எடுத்திருக்கிறார். காதின் விளிம்பு, முதுகின் வளைவு, துதிக்கையில் இரண்டு மடிப்பு, கண்ணுக்கு ஒரே ஒரு புள்ளி. கொம்பு கிடையாது. நம் காட்டில் கொம்பன் அரிது, அலியன்தான் கூட என்று அதையும் சரியாகப் போட்டிருக்கிறார். இன்னும் சரித்தால் மைக்கு அடியில் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகள் தெரிந்தன. இங்கே கறுப்பு நிரப்பு என்று ஓவியர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. யானை நிற்கும் இடத்திலும் அதே குறி இருந்தது. அதாவது பென்சில் போடும்போது யானை இல்லை. இருட்டை நிரப்பி முடித்த பிறகுதான் அதற்குள் ஒன்றை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"பேப்பரில இது எப்படி வந்தது ஐயா?"

"எங்க வந்தது? வெறும் கறுப்புத்தான் வந்தது."

ஒட்டி வைத்திருந்த பத்திரிகைத் துண்டையும் எடுத்துக் காட்டினார். உண்மைதான், யானையைக் காணவில்லை. அக்காலத்தில் படத்தைக் கமெராவில் எடுத்து உலோகத் தகட்டில் அரித்து புளொக் செய்வார்கள். அதில் கறுப்பு இருக்கும் அல்லது வெள்ளை இருக்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்குள் மை ஏறி, பத்திரிகைத் தாளும் அதை உறிஞ்சிப் பரப்பினால் எல்லாம் மூடிப்போகும். அந்த வாரம் தொடரைப் படித்தவர்கள் கிழவனும் பேரனும் எதைக் கண்டு பயந்தார்கள் என்று யோசித்திருப்பார்கள். சிலர் பேய் என்று நினைத்துக் கடிதமும் போட்டார்களாம். அடுத்த வாரம் ஐயா யானையைப் பகலில் கொண்டுவந்து சமாளித்திருக்கிறார்.

இதைக் கேட்டபோது பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் 'நீலத்தாமரை' அட்டைப்படம் ஞாபகம் வந்தது. 1936இல் டின்டினுக்காக அவர் வரைந்த அந்த ஓவியத்தை, இவ்வளவு நிறத்தோடு அச்சடிக்கச் செலவு கூடும் என்று பதிப்பாளர் ஒதுக்கிவிட்டார், எளிமையான வேறொன்றுதான் புத்தகத்தில் வந்தது. ஒதுக்கிய ஓவியத்தை மடித்துப் பதிப்பாளரின் சின்ன மகனுக்குக் கொடுத்தார், அவன் லாச்சிக்குள் வைத்திருந்தான் என்று ஏலம் போட்டவர்கள் சொன்னார்கள். ஹெர்ஜேயின் வாரிசுத் தரப்பு அந்தக் கதையை ஏற்கவில்லை. 2021இல் மடிப்புக் கோடுகளோடு பாரிசில் அது விற்கப்பட்ட விலை 32 லட்சம் யூரோ அளவு. விலையை விடுங்கள். அச்சு யந்திரத்தால் முடியாததை ஓவியர் செய்து வைத்திருந்தால் அதை ஒரிஜினலில் மட்டும்தான் பார்க்கலாம் என்பதற்கு அதுவும் சாட்சி, இந்த அலியனும் சாட்சி. பழைய இதழ்கள் பலவற்றை இப்போது நூலகம் என்ற இணையத்தளத்தில் ஸ்கேனாகப் படிக்க முடிகிறது, பெரிய புண்ணியம், ஆனால் ஸ்கேன் செய்வது அச்சான தாளைத்தானே. புளொக்கில் மூடிப்போனது அங்கேயும் மூடித்தான் இருக்கும்.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. ஐயாவின் வீட்டுக்கார அம்மா குளத்து மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்திருந்தா. சாப்பிட்டபடியே, கற்சிலைமடு இவ்வளவு கிட்ட இருக்கிறதே, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் கதையை வரையவில்லையா என்று கேட்டேன். 1803இல் வொன் டிறிபேர்க்கின் படை அவனை அங்கே தோற்கடித்ததைச் சொல்ல வெள்ளைக்காரன் கல் நட்ட ஊர் அது. பத்திரிகைக்காரரும் கேட்டிருக்கிறார்கள். "வன்னியன்ர ஆக்களை நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவன். வெள்ளைக்காரன்ர சட்டையில எத்தினை பொத்தான் எண்டு தெரியாமல் எப்பிடிக் கீறுறது?" என்றார். படம் தேடிக் கிடைக்கவில்லை, கதையும் வரவில்லை. பொத்தானுக்காக ஒரு தொடரை விட்ட மனிதர்.

பிறகு விலைப் பேச்சு. ஐயா வெற்றிலையோடு முற்றத்துக்குப் போய்விட்டார், பேசியது அம்மா. "ஆனையைத் தரமாட்டம், அதை விட்டிட்டுக் கதையுங்கோ" என்று முதலிலேயே வேலி போட்டுவிட்டா. நியாயம்தான். என் கண் நாலாவது பக்கத்தில் விழுந்தது. தேத்தண்ணிக் கடை, நாலு பேர் வாங்கில், நெல் விலை பற்றிப் பேச்சு. அடி இல்லை, வெடி இல்லை. ஆனால் ஒருவன் கால் மேல் கால் போட்டு ஆட்டுகிறான் என்பது செருப்பு தொங்கும் விதத்தில் தெரிகிறது, கடைக்காரன் யார் பேச்சையும் கேட்காமல் தேத்தண்ணி இழுக்கிறான், அந்தத் தேத்தண்ணிக் கோட்டை வெள்ளை போஸ்டர் கலரால் திருத்தித் திருத்தித் தடிப்பாகவே வந்துவிட்டது, விரலால் தொட்டால் தட்டுப்படும். அம்மா ஒரு தொகை சொன்னா. வாழ்நாளில் வரைந்ததில் நாலு மிஞ்சிய ஆளிடம் பேரம் பேசுவது முறையல்ல, கேட்டதோடு கொஞ்சம் கூட்டியே கொடுத்தேன். யானைப் பக்கத்துக்கு அமிலமில்லாத உறை ஒன்று அனுப்புவதாகச் சொன்னேன், அதுவரை சன்னல் வெயில் படாமல், நிலத்தில் வைக்காமல், கறையானுக்கு எட்டாத உயரத்தில் படுக்கையாக வைக்கச் சொன்னேன். மாரிக்கு முன் உறை போய்ச் சேரவேண்டும்.

பின்பக்கத்தில் பென்சிலால் வருசமும் பத்திரிகைப் பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள் ஐயா, நாளைக்கு யாரும் சந்தேகப்பட்டால் உதவும் என்று கேட்டேன். சேர்ப்பவர்கள் எல்லாரும் கேட்பதுதான். அவர் பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்து, முன்பக்கத்தில், அடி ஓரத்தில், லொறிப் பெட்டியில் எழுதும் அதே எழுத்தில் நிழல் வைத்துப் பெயரையும் அன்றைய திகதியையும் போட்டார். ஏலக் கடைக்காரன் கண்டால் மயங்கி விழுவான். எனக்கு அந்த எழுத்தில் ஒரு குறையும் தெரியவில்லை, ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டுவதற்கு அது காயும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, அதில் பின்னேர பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு ஏறும்போது அம்மா ஒரு பை நிறையப் பாலைப்பழம் தந்துவிட்டா. வன்னிப் பக்கம் ஆனி மாதத்தில் போகிறவர்கள் கட்டாயம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், தேனாக இனிக்கும், ஆனால் அதன் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டும், படத்தில் பட்டால் அதோ கதிதான். பையை ஒரு கையிலும் பலகையை மறு கையிலும் தூரத் தூரப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பார்த்த பக்கத்துச் சீட் பெடியன் பழத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். மாங்குளம் வருவதற்குள் பை வெறுமையாகிவிட்டது.