துண்டு காயும் கொடி

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “ஏண்டி, ஹாலுக்குள்ளேயா கொடி கட்டியிருக்கே?” அவள் சொன்னது துணி காயப்போடும் கொடியை. ஆமாம், கொடிதான், ஆனால் அந்தக் கொடி இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை அதன்மேல் போட்டுவிட்டாள்.

நான் கட்டியிருந்தது இதுதான். பிரம்பு கிழிந்துபோன பழைய நாற்காலி ஒன்று. உட்கார முடியாது, தூக்கிப் போடவும் மனசில்லை. கூரைக் கொக்கிகளில் ஒரு மூங்கில் கழியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து பதினாறு நூல்களை நாற்காலியின் ஓட்டை வழியாகக் கீழே இறக்கினேன். அடியில் ஏழு கண்ணாடிப் புட்டிகள், தண்ணீர், ஆளுக்கொரு மணி பிளான்ட் துண்டு. காலி இருக்கையிலிருந்து யாரோ எழுந்து நிற்கிறாற்போல் கொடி வளரவேண்டும் என்பது கற்பனை. இடமும் அறையின் நட்டநடுவில். மூலையில் தொட்டி வைத்தால் அது அலங்காரம். இன்ஸ்டலேஷன், அதாவது இடத்தோடு சேர்த்து அமைக்கும் கலைப்படைப்பு என்றால் நடக்கிறவர் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். (இருட்டில் நானே மூன்று முறை இடித்துக்கொண்டேன்.)

கற்பனை சரி, செடிக்கு அது தெரியவேண்டுமே. ஏழில் இரண்டை கணு இல்லாமல் வெட்டியிருந்தேன். வெறும் இலையும் காம்பும். வாரக்கணக்கில் பச்சையாக நின்றனவே தவிர, துளிர் வரவில்லை. வெளிச்சம் பட்டுப் புட்டிகளுக்குள் பாசி பிடித்தது. பழுப்புக் காகிதம் சுற்றியபிறகு அடங்கியது. பெரிய தப்பு நூல்தான். மணி பிளான்ட் அவரைக்கொடிபோல எதையும் சுற்றிக்கொண்டு ஏறாது. கணுவில் வரும் வேரால் சொரசொரப்பான, ஈரமான இடத்தைப் பற்றித்தான் ஏறும். என் மெல்லிய நூலில் அது பற்ற என்ன இருக்கிறது? சரிந்து சரிந்து விழுந்தது. பிடிப்பில்லாமல் தொங்கும் கொடியில் இலையும் சிறுத்துக்கொண்டே போகும்.

அக்கா ஊருக்குப் போனபின்னும் அந்தத் துண்டை நான் எடுக்கவில்லை. சோம்பல்தான். செடிக்குத் தெளிக்கும் தண்ணீரில் அதுவும் நனைந்துகொண்டே கிடந்தது. மூன்று வாரம் கழித்து இழுத்தபோது வரவில்லை. ஒரு கணுவிலிருந்து அரை விரல்கடை நீளத்தில் வெளிறிய வேர் ஒன்று, துண்டின் இழைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கே நூலையெல்லாம் அறுத்துவிட்டு, தடித்த கயிறு கட்டினேன்.

அடுத்த தொல்லை ஜன்னல். தண்டின் நிழல் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேர்ந்து அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்வதால், கொடி வெளிச்சத்தைப் பார்த்து வளைகிறது. இலைகளும் அந்தப் பக்கமே முகம் காட்டின. சோபாவில் உட்கார்ந்த எனக்கு எப்போதும் இலைகளின் முதுகுதான். நாற்காலியைத் திருப்பி வைத்தேன். சில நாளில் அவையும் திரும்பிக்கொண்டன. வால்டர் டி மரியா என்ற அமெரிக்கக் கலைஞர் 1977-இல் நியூயார்க்கில் ஒரு தளம் முழுக்க 56 செ.மீ. உயரத்துக்கு மண்ணைப் பரப்பி, அதையே கலைப்படைப்பாக வைத்தார். இன்றும் இருக்கிறது. தண்ணீர் தெளித்து, மண்ணைச் சமன்செய்து, தப்பித்தவறி முளைப்பதைப் பிடுங்கவும் ஆள் உண்டு. நினைத்தது நினைத்தபடியே இருக்கவேண்டுமானால் அப்படிக் காவல் காக்கவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. சோபாவைத் தூக்கி ஜன்னலோரம் போட்டேன்.

பூனை இருக்கும் வீட்டில் இதைத் தரையில் வைக்காதீர்கள். இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள் அதன் வாயைப் புண்ணாக்கிவிடும்.

போன வாரம் அக்கா மறுபடி வந்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போனாள், எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். அப்புறம் கேட்டாள், “போன தடவை என் துண்டை இங்கே விட்டுட்டுப் போனேனே, எங்கேடி?”

கிழித்துச் சுற்றியிருந்த மூன்றாவது கயிற்றைக் காட்டினேன்.